பொட்டு வைக்காத கேசட்

டேப் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கல்கத்தாவில், டாக்குரியா வீட்டில் ஒரு மே மாத மதியம். மின்விசிறியை நிறுத்தியிருந்தேன், அது சுற்றினால் கேசட்டில் மாவு மில் ஓடுவதுபோல் கேட்கும். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துண்டைத் திணித்திருந்தேன். முதுகில் வியர்வை வழிந்து புடவை நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. மடியில் ஒரு புத்தகம். அதற்குப் பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவதுபோலப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் அட்டை போட்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. லோக்கல் வண்டி போனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில்தான் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். அன்று மூன்று வண்டிகள் போயின. மூன்று இடைவெளிகளையும் வீணாக்கினேன். நான் எச்சில் விழுங்கிய சத்தம் மட்டும் அதில் பதிவாகியிருக்கும்.

நான் உபதேசியார் மகள். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில், பாதிரியார் மாதம் ஒருமுறை வந்து போவார். ஊரிலேயே இருந்து ஜெபம் நடத்தி, வேதம் சொல்லிக்கொடுப்பவர் உபதேசியார். மடியில் இருந்ததோ இந்துக்களின் மறைநூல்களில் ஒன்று, போர்க்களத்தில் ஒருவர் கேட்க இன்னொருவர் சொல்வதாக வருமே, அது. அதை வாசிக்க வேண்டாம் என்று என் அப்பா சொல்லி அன்றைக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை.

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் கல்கத்தாவின் தமிழ்ச் சபையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, ‘கிறிஸ்தவர்கள் மற்ற மதத்தாரின் வேதங்களை வாசிக்கலாமா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்’ என்று கேட்டிருக்கிறார். ஒரே வார்த்தையில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன்? எனக்குத் தெரிந்தது ஒரு கேசட்டின் கதைதான்.

பிளாட்பாரத்தில் ஒரு தேர்வு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கணவர் துறைமுக அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து நான்கைந்து வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பெங்காலி, மீன் வாங்கவும் சண்டை போடவும் போதுமான அளவு வந்திருந்தது.

ஒருநாள் டாக்குரியா ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வெள்ளைக் கோலோடு ஒரு பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். அறிவிப்பு கரகரவென்று என்னவோ சொல்லி நின்றது. “என்ன சொன்னாங்க?” என்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள். ஜாதவ்பூர் வண்டி பிளாட்பாரம் மாறி வருகிறது என்று என் பெங்காலியில் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாள்.

“பாஷை மோசம். குரல் நல்ல குரல். இங்கிலீஷ் வாசிப்பீங்களா?”

இப்படித்தான் கேயா என் வாழ்க்கைக்குள் வந்தாள். ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் எம்.ஏ. படித்தாள், பிறவியிலேயே பார்வை இல்லை. பாடப் புத்தகங்களை யாராவது வாசித்து கேசட்டில் பதிந்து கொடுத்தால்தான் படிக்க முடியும். அதுவரை வாசித்துக்கொண்டிருந்த ஒரு பேங்க்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். நான் பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் பி.ஏ. படித்தவள், அந்தப் படிப்பு அதுவரை காய்கறிப் பட்டியல் எழுதத்தான் பயன்பட்டிருந்தது. மறுநாளே வரச் சொன்னேன்.

எங்கள் பேச்சு பாதி பெங்காலி, பாதி இங்கிலீஷ். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவள் என்னை ‘ஜெயாதி’ என்பாள். அங்கே அக்காவுக்கு ‘தீதி’, அதன் சுருக்கம் ‘தி’.

விரலுக்குத் தெரிய வேண்டும்

கேசட்டுகள் பெருகியபோது எது முதல் கேசட், எது இரண்டாவது என்று கேயாவுக்குத் தெரிய வேண்டுமே. எழுதி ஒட்டினால் எனக்குத்தான் தெரியும். அவளே ஒரு வழி வைத்திருந்தாள். ஒட்டுப்பொட்டு. முதல் கேசட்டுக்கு ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு. விரலால் தடவினால் போதும். வாசித்து முடித்த கேசட்டில் பொட்டு இருக்கும். பொட்டு இல்லாவிட்டால் அது வெற்று கேசட். எங்கள் வீட்டு இழுப்பறையின் சட்டம் அவ்வளவுதான்.

பொட்டு வாங்கப் போனதுதான் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. கல்கத்தா வந்த புதிதில் என் வெறும் நெற்றியைப் பார்த்து, ஐயோ பாவம், இந்த வயசில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டாளே என்று பக்கத்து வீட்டு அம்மாள் உச்சுக்கொட்டியிருக்கிறார். பறிபோன புருஷன் பின்னாலேயே மீன் பையோடு வருவார்.

கரியாஹாட் நடைபாதையில் வளையல், பொட்டு விற்கிறவர், “என்ன கலர், தீதி?” என்றார்.

“கலர் எதுவா இருந்தாலும் பரவாயில்ல. தடிப்பா இருக்கணும். விரலுக்குத் தெரியணும்.”

அவர் என் நெற்றியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், பிறகு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். கல்கத்தாக் கடைக்காரர்களுக்கு நான் இந்த ஒரு விஷயத்துக்காகவே நன்றி சொல்வேன்.

மூன்று புத்தகங்கள்

இரண்டாம் வருடத்தில் மதங்களைப் பற்றி ஒரு பேப்பர். மூன்று மதங்களின் வேதங்களிலிருந்து பகுதிகள் வைத்திருந்தார்கள். முதலாவது எங்களுடையது.

அதை எவ்வளவு ஆசையோடு வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். குளித்து, தலை வாரி, சபையில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பவர்களில் நானும் ஒருத்தி; அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. உள்ளுக்குள் ஒரு கள்ள ஆசையும் இருந்தது. கேட்டுக் கேட்டு இந்தப் பெண்ணின் மனசு நம் பக்கம் திரும்பிவிட்டால்?

“இதை வாசிக்கிறப்ப உங்க குரலே மாறிடுது ஜெயாதி,” என்றாள் கேயா. “பக்கத்துல யாரோ உக்காந்து கேக்கிற மாதிரி வாசிக்கிறீங்க.”

அடுத்த வாரம் இரண்டாவது புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள். பெயரைப் படித்ததும் எனக்குக் கை நகரவில்லை.

“இது மட்டும் வேண்டாமே கேயா. வேற யாரையாவது வாசிக்கச் சொல்லேன்.”

அவள் பையின் வாயை இழுத்து மூடினாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்: “உங்க புத்தகத்தை நாலு கேசட் கேட்டேன். என் சாமி கோவிச்சுக்கல.”

பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. பாடத்துக்கு வைத்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு தொட்டுப் படிக்கிற எழுத்தில் கிடைக்கவில்லை. அந்த ஒரு பேப்பர் போனால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். வந்தவர்களில் மூத்தவர் ரூத் அக்கா. அவர் கணவர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்தார். எங்கள் பெண்கள் கூட்டம் முழுக்க அக்காவின் கண்ணசைவில் நடக்கும். மேஜைமேல் கிடந்த பொட்டுப் பாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கினார்.

“என்ன ஜெயா இது?”

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது புத்தகம் வரை.

“நம்ம வேதத்தையே நாம இன்னும் முழுசா வாசிச்சு முடிக்கல. அதுக்குள்ள அடுத்தவங்க வேதமா?” என்றார் அக்கா. “படிக்கிற பொண்ணுக்கு உதவி செய், நல்லதுதான். ஆனா சபையில பாடம் வாசிக்கிற வாய் இது. நீ யோசிச்சுக்கோ.”

எங்கள் வேதத்தை நாங்கள் வேதாகமம் என்போம். அந்தப் பேரில் இருக்கும் வேதம், ஆகமம் இரண்டுமே அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிய சொற்கள். இதெல்லாம் பல வருடம் கழித்துத் தோன்றியது. அன்று எனக்குத் தோன்றியதெல்லாம் பாடம் வாசிக்கிற முறை என் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான். கணவரிடம் கேட்டேன்.

“உனக்குச் சரின்னு பட்டதைச் செய். ஆனா செஞ்சிட்டு என்கிட்ட மன்னிப்புக் கேக்காத. எனக்கு அந்த அதிகாரம் இல்ல,” என்று சொல்லிவிட்டுச் சவரம் செய்யப் போனார்.

நான் அப்பாவுக்கு எழுதினேன்.

அப்பாவின் பதில்

அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கி, எழுதுவது நின்றிருந்தது. அதனால் எங்களிடம் இருந்ததுபோலவே சிவப்பு விளக்கு வைத்த ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு கட்டு கேசட்டும் வாங்கி அனுப்பியிருந்தோம். அவர் பேசிப் பதிந்து, ஹவுரா வரை வருகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புவார். கேசட்டின் மேல் ஓர் எழுத்தும் இருக்காது.

பதில் சீக்கிரம் வந்தது. சுகம் விசாரித்தார். மழையைப் பற்றிச் சொன்னார். சபையில் யார் யாருக்குக் கல்யாணம் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஜெயாம்மா, நீ கேட்ட காரியம். வேண்டாம். அது பெரிய புஸ்தகம்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன். பெரிய புஸ்தகத்தைத் தொறந்தா மனசு அசையும். அசையக் கூடாதுன்னா தொறக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அதன்பின் எனக்காக ஜெபம் செய்தார். பெயர் பெயராகச் சொல்லி, என் முழங்கால் வலியைக்கூட விடாமல், நீளமாக ஜெபித்தார். ஆமென் என்றதும் நான் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். அந்த ஜெபத்தை அந்த வாரம் நான்கைந்து முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஆமென்னில் நிறுத்தினேன். சபையில் வளர்ந்தவர்களுக்கு ஆமென் என்றால் எழுந்து செருப்பைத் தேட வேண்டிய நேரம்.

கேசட்டில் ஏதாவது அடையாளம் வைக்க நினைத்தேன். பிளாஸ்டிக்கில் பேனா பிடிக்கவில்லை. கையில் பொட்டு இருந்தது. உபதேசியாருக்குப் பொட்டா என்று கூசி, கேசட்டை முதலுக்குச் சுற்றி, அப்படியே இழுப்பறையில் வைத்தேன்.

கேயாவிடம் முடியாது என்று சொன்னேன். தலையாட்டினாள். “புத்தகம் இங்கயே இருக்கட்டும். பை கனமா இருக்கு, அப்புறம் எடுத்துக்கறேன்,” என்று மட்டும் சொன்னாள்.

அது ஒரு வாரம் வீட்டில் இருந்தது. சொல்லாமல் வந்த விருந்தாளியைப்போல அலமாரியில் உட்கார்ந்துகொண்டு, நான் போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்த்தது. எட்டாம் நாள் ஜன்னலைச் சாத்தினேன்.

மருந்து குடிப்பதுபோல

நான்காவது வண்டி போனதும் வாய் திறந்தது. முன்கூட்டியே ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

எப்படி வாசித்தேன் தெரியுமா? மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் குடிப்பதுபோல. நிறுத்தம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. சொற்கள் வாய் வழியாகப் போகட்டும், மனசுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று கட்டிவைத்தேன். அப்படியும் ஓரிடத்தில் கட்டு நழுவியது. கேட்கிறவனுக்குத் தெய்வம் தன் முழு உருவத்தைக் காட்டுகிற இடம் அது. பார்த்தவன் நடுங்கிப்போகிறான். எனக்கும் கையில் மயிர்க்கூச்செறிந்தது. மனசு அசையும் என்று அப்பா சொன்னது இதைத்தானோ என்று பயந்து, மூன்று பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.

முதல் கேசட் தீர்ந்தது. இழுப்பறையில் பொட்டு இல்லாத ஒன்றை எடுத்துப் போட்டு மிச்சத்தை முடித்தேன். முதலாவதுக்கு ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு. சாயங்காலம் கேயா வந்து வாங்கிக்கொண்டு, என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே துறைமுக அலுவலகத்துக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

இரண்டு நாள் ரயிலில் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஊரில் மூன்று வாரம் இருந்தோம். அம்மா திடமாக இருந்தாள். நான்தான் சமையலறையில் நின்றுகொண்டு எதற்கெடுத்தாலும் அழுதேன். திரும்பும் வழி முழுக்க ஒரே ஆறுதல். கல்கத்தாவில் அப்பாவின் குரல் இருக்கிறது. கதவைத் திறந்ததும் அந்த ஜெபத்தைக் கேட்கலாம்.

பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் இழுப்பறையைத் திறந்தேன். பொட்டு இல்லாத கேசட் ஒன்றுதான் இருந்தது. போட்டேன். உஸ்ஸென்ற இரைச்சல். திருப்பிப் போட்டேன். அதே இரைச்சல். கடைசிவரை ஓடவிட்டேன்; பேச்சே இல்லை. இதுதான் அன்றைக்கு நான் எடுத்திருக்க வேண்டிய வெற்று கேசட் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புத்தியில் ஏறியது.

அப்பா வேண்டாம் என்றதை மீறினேன். மீறி வாசித்த குரலாலேயே அப்பாவின் குரலை அழித்தேன். இதைவிடத் தெளிவாக ஆண்டவர் எப்படிப் பேசுவார்? அன்று அழுததுபோல நான் ஊரில்கூட அழவில்லை. செய்தி கேட்டு வந்த ரூத் அக்கா ஒரு வாரம் எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினார். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதற்காகவே இன்றும் அவர்மேல் எனக்குப் பிரியம்.

பாடம் வாசிக்கும் முறையை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேயா வந்தால் நான் இல்லை என்று சொல்லச் சொல்லிக் கீழ்வீட்டு அம்மாளிடம் கேட்டுக்கொண்டேன். இரண்டுமுறை வந்து திரும்பிப் போனாள்.

கேசட் தானாக நிற்கும் வரை

மூன்றாம் முறை மாடியேறி வந்து கதவைத் தட்டினாள். நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

“உள்ளதான் இருக்கீங்க ஜெயாதி. பெருங்காயம் வாசனை வருது.”

கதவைத் திறந்தேன். அப்பா போனதைக் கீழ்வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். என் தோளைத் தேடிப் பிடித்துச் சற்று நேரம் நின்றாள். பிறகு பையிலிருந்து இரண்டு பொட்டு வைத்த கேசட்டை எடுத்தாள்.

“ரெண்டு விஷயம். பரீட்சை தள்ளிப்போயிருக்கு, இன்னும் இருபது நாள் இருக்கு. அதனால தைரியமா சொல்றேன். இந்தப் புத்தகத்தை நீங்க மினிபஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பேரு சொல்ற மாதிரி வாசிச்சிருக்கீங்க. நடுவுல ஏதோ விட்டுட்டீங்க. அவன் பயந்து நடுங்குறான், ஆனா எதைப் பாத்து பயந்தான்னே வரல.”

நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“இன்னொண்ணு, கடைசியில ஒரு பெரியவர் பேசுறாரே, அது யாரு? எனக்காகவா வச்சீங்க?”

நாம் வாசிப்பு நின்றதும் கேசட்டை நிறுத்துவோம். கேயாவின் பழக்கம் வேறு. கேசட் எங்கே முடிகிறது என்று அவள் முடிவு செய்வதில்லை. பொத்தான் தானாக ‘டக்’ என்று எழும்பும்வரை கேட்பாள். யாரோ கடைசியில் ஒரு பக்க எண்ணைச் சொல்லியிருப்பார்கள், ஒரு திருத்தம் சொல்லியிருப்பார்கள். ஒன்றையும் தவறவிடக் கூடாது அவளுக்கு.

அவள் கேசட்டை நிதானமாகப் போட்டு, இடத்தைத் தேடி ஓடவிட்டாள். என் குரல் கடகடவென்று ஓடி நின்றது. ஒரு கரகரப்பு. உடனே அப்பா, என் வாசிப்பு அழிக்காமல் விட்ட மிச்சம். ஜெபத்தின் கடைசி வரி, அதன் பிறகு ஆமென்.

என் விரல் பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது. கேயா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். பாத்திரம் வைக்கிற சத்தம். அம்மாவின் குரல்.

“முடிஞ்சுதா? அணைச்சிட்டியளா?”

“அணைச்சாச்சு,” என்கிறார் அப்பா. அணைக்கவில்லை.

“வேண்டாம்னு வெட்டுன்னு சொல்லிட்டியளே. கண்ணு தெரியாத புள்ளைக்குல்லா அவ வாசிக்கப்போறா.”

“நான் உபதேசியாரு. வேற என்னத்தச் சொல்லுவேன்?”

“உபதேசியாரு சொல்லியாச்சு. அவ அப்பா என்ன சொல்லுதாரு?”

எங்கள் ஊர்க் காகம் ஒன்று கத்துகிறது. அப்பா மெல்லச் சிரிப்பது கேட்கிறது.

“அவ வாசிக்கத்தான் போறா. எனக்குத் தெரியாதா? வாசிச்சா ஒழுங்கா வாசிக்கணும், பாத்துக்க. நம்ம வேதத்தை ஒருத்தன் அரைகுறையா, ஏனோதானோன்னு வாசிச்சா நமக்கு எப்படி இருக்கும்? அதுவும் ஒருத்தருக்கு வேதம்லா. ஒரு வரி விடக் கூடாது.” பிறகு, “காப்பி போட்டியா?”

டக்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முழுவதையும் கேயாவுக்கு என் ஓட்டைப் பெங்காலியில் சொல்லி முடிக்க இரண்டு ரயில்கள் போகிற நேரம் ஆயிற்று. அவள் சிரிக்கவில்லை. என் பாஷையைக் கேட்டு அவள் சிரிக்காத ஒரே நாள் அதுதான்.

“மேல யாரும் இனிமே பதியக் கூடாது,” என்றாள். “இது தனி கேசட். புதுசா ஒரு அடையாளம் வைக்கணும்.”

பொட்டுப் பாக்கெட்டை எடுத்து வந்தேன். அந்த இரண்டு பொட்டையும் அவள் நகத்தால் சுரண்டி எடுத்தாள். மற்ற கேசட்டுகளில் பொட்டு ஓரத்தில் இருக்கும்; நான் ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து நடுவில் வைத்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. அழுத்தி ஒட்டினேன். பின்பக்கத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லையும், இனி யாரும் பதிய முடியாதபடி, கத்தி முனையால் உடைத்துவிட்டேன்.

ஒரு வரி விடாமல்

மறுநாள் மதியம் ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன். பழுப்பு அட்டையைக் கழற்றினேன். முதல் பக்கத்திலிருந்து திரும்ப வாசித்தேன், சபையில் வாசிக்கிற குரலில். புரட்டிவிட்ட அந்த மூன்று பக்கங்களையும் வாசித்தேன். மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வேதத்திலும் இப்படித் தெய்வத்துக்கு முன்னால் முகத்தை மூடிக்கொண்டு விழுந்தவர்கள் உண்டு. அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம்தான்.

மூன்றாவது புத்தகம் முஸ்லிம்களின் திருமறை. வாசிக்கும் முன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள் அண்ணி என்று எங்கள் முஸ்லிம் தையல்காரர் சொல்லிக்கொடுத்தார். கழுவிக்கொண்டேன். கேயா பாஸானாள்.

வாசகிக்கு என்ன சொல்வது? அப்பா சொன்னது சரிதான், மனசு அசையத்தான் செய்தது. சில இடங்களில் அந்தப் புத்தகத்தோடு சண்டை போட்டேன், சில இடங்களில் வாயடைத்துப்போனேன். மறுநாள் காலையில் வழக்கம்போல என் வேதத்தை எடுத்து அன்றைக்குரிய அதிகாரத்தை வாசித்தேன், இன்றும் வாசிக்கிறேன். வேண்டாம் என்று சொன்னதும் என் அப்பாதான். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொல்ல எனக்கு மனசில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூத் அக்காவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். உம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். “கரியாஹாட் போயிருந்தேன். பெருசா, தடிப்பா இருக்கிறதா பாத்து வாங்கினேன். அந்தப் பொண்ணுக்குக் கொடு.” பிறகு, ஞாயிற்றுக்கிழமை பாடம் வாசிக்க ஆளில்லை என்றும் சொன்னார். ஆட்கள் இருந்தார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது கேசட்டை எடுத்துப்போய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பொட்டைப் பார்த்துவிட்டு, “இவருக்கு இதுவும் வந்துட்டா?” என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, காப்பி போட்டியா என்பதுவரை முழுவதும் கேட்டாள்.

“நல்லவேளைம்மா,” என்றேன். “அப்பா அணைக்க மறந்ததுனால எனக்கு இது கிடைச்சிது.”

“அவரு மறந்தாரு,” என்றாள் அம்மா. “நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. உனக்குக் கேக்கட்டும்னுதான் அவரைக் கேட்டேன். நீதான் ஆமென்னோட நிறுத்திட்ட.”